முப்பதில் இறங்குகிறவன்

என் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணியைக் கேட்டால் படமே வரைந்து கொடுப்பார். வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறதாம். இருபது கிலோமீட்டர் தாண்டி பனியன் நனைந்து ஒட்டினால் அது வெளியே தெரியுமாம். "உங்க தம்பி மூஞ்சி சில நேரம் மறந்துபோகுது, அந்த மச்சம் மட்டும் மறக்கவே மாட்டேங்குது" என்று அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான் மராத்தான் பந்தயங்களில் பேஸர். வேகம் பிடித்துக் கொடுக்கிற வேலை. பெரிய ஓட்டக்காரர்களுக்கு முன்னால், ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் இத்தனை நொடி என்று சொன்ன வேகத்தில் பிசகாமல் ஓட வேண்டும். எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறவர் கடிகாரம் பார்க்காமல், யோசிக்காமல், என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். முப்பது கிலோமீட்டர் பலகை வந்ததும் இடது கையைத் தூக்கி, இடது பக்கம் இரண்டடி வைத்து, பாதையை விட்டு இறங்கிவிடுவேன். மிச்சம் பன்னிரண்டு அவர்கள் பாடு. இந்தக் கதை நடந்த நாள் வரை பதினோரு வருடத்தில் இருபத்தாறு பந்தயம் ஓடியிருந்தேன். ஒன்றையும் முடித்ததில்லை. முடிவுக் கோட்டை யாரும் தாண்டி நான் பார்த்ததும் இல்லை. இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேன் ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில்தான் போய்ச் சேரும். அதற்குள் மாலை, பரிசு, பேட்டி எல்லாம் முடிந்து, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருப்பார்கள்.

மற்ற நாட்களில் நான் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் நிற்கச் சொன்னார்களோ அந்த மாடியில் அது நிற்க வேண்டும், ஒரு விரல் அளவு மேலே நின்றாலும் எனக்குத் தூக்கம் வராது. இந்தப் புத்தியோடு பிறந்தவனுக்குப் பேஸர் வேலை அல்வா மாதிரி.

இந்தக் கதையில் அண்ணனை அவன் இவன் என்றுதான் எழுதுவேன். அண்ணியை அப்படி எழுத எனக்குத் தைரியம் கிடையாது. அவர் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். ஊசி குத்தினால் வலிக்காது, வாயைத் திறந்தால்தான் வலிக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, நான் ஓடப் போவதைப் பார்த்து "நானும் வரட்டுமா தம்பி" என்று கேட்டார். பாவம், கொஞ்ச தூரம் வரட்டும் என்று நினைத்தேன். பதினாறு கிலோமீட்டர் ஓடினோம். திரும்பி வந்ததும் நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன், அவர் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினார். அதற்கு அப்புறம் பன்னிரண்டு வருடமாக நான் முன்னால், அவர் பின்னால். ஓடும்போது எங்களுக்குள் பேச்சே இருக்காது. நான் கொஞ்சம் வேகமாகப் போனால் பின்னாலிருந்து 'ச்' என்று ஒரு சப்புக் கொட்டல் வரும். மெதுவானால் 'ச் ச்' என்று இரண்டு. அவ்வளவுதான் எங்கள் பாஷை.

அண்ணிக்கு ஒரே ஒரு ஆசை. நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய போட்டியில், நாட்டுக்காக ஓட வேண்டும். அதற்குத் தகுதி நேரம் இரண்டு மணி இருபத்தொன்பது நிமிடம். இரண்டு வருடம் முன்பு நாற்பது நொடி தாமதம். போன வருடம் பன்னிரண்டு நொடி. இரண்டு தடவையும் முப்பது வரை எல்லாம் சரியாக இருந்தது. நான் இறங்கினேன், "சரி தம்பி, போ" என்றார், அதற்கப்புறம் அவர் வேகம் மெல்ல மெல்லக் கழன்றுவிட்டது. இந்த வருடம்தான் கடைசி. அவருக்கு வயது முப்பத்தேழு.

கம்பெனியில் வருடாந்திரப் பரிசோதனைக்காக நான் அவருடைய கூடத்துக்குப் போயிருந்தேன். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசியை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் கேட்டார்.

"தம்பி, இந்தத் தடவை முப்பதுல இறங்கக் கூடாது. முப்பத்தெட்டு வரைக்கும் வரணும்."

"அண்ணி, ஊசி உள்ள இருக்கு."

"தெரியும். அதான் இப்பக் கேக்கிறேன்."

"என் கால் முப்பதுக்கு மேல போனதே இல்லயே."

"நாலு மாசம் இருக்கு. பழக்கு."

"சரி, தகுதி வாங்கிட்டீங்கன்னே வைங்க. அந்தப் பெரிய போட்டியில பேஸரே கிடையாதே. அவங்கவங்க வேகத்த அவங்கவங்களே பிடிக்கணும். அங்க போய் என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல அங்க போற வழியப் பாரு" என்று ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினார். பேச்சு அதோடு முடிந்தது.

நாலு மாதம் பழக்கினேன். முப்பத்திரண்டு, முப்பத்தைந்து, கடைசியில் முப்பத்தெட்டே ஓடிவிட்டேன். பந்தயத்துக்கு முந்தின நாள் பேஸர்கள் கூட்டத்தில், பேஸர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் எழுந்து நின்று சொன்னேன். "நான் முப்பத்தெட்டு மேடம்." மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "பரவால்லயே, ப்ரமோஷனா?" என்று எழுதிக்கொண்டார். அன்று சாப்பிடும்போது அண்ணன் பத்துத் தடவையாவது கேட்டிருப்பான். "முப்பத்தெட்டுடா. மறந்துராத." எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. சலூன் வைத்திருக்கிறான், ஊரில் பாதிப் பேர் கழுத்து அவன் கத்திக்கு அடியில் இருக்கிறது, ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் அண்ணி ஓடுகிற நாளில் தண்ணீர்க் குவளையைப் பிடித்தால்கூடப் பாதியைத் தரையில் கொட்டிவிடுவான். பந்தயத்தைப் பார்க்கவே மாட்டான். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பான்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா? முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. போதுமா?" என்று கத்தினேன்.

மறுநாள் காலை வானம் மூட்டமாக, ஓடுவதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் முப்பத்தொரு நொடி, இதுதான் என் வேலை. முதல் கிலோமீட்டர் மூன்று முப்பது. 'ச்.' இரண்டாவது மூன்று முப்பத்தொன்று. சத்தமில்லை. அண்ணியின் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி தலையில் சிவப்பு ரிப்பன், இன்னொருத்தி எட்டு வைக்கும்போதெல்லாம் மூக்கால் ஊதுகிறவள். ஆற்றங்கரைச் சாலையில் எதிர்க்காற்று அடித்தது, வாங்கிக்கொண்டேன். பாலத்து ஏற்றத்தில் ஒரு 'ச் ச்' வந்தது, சரிசெய்தேன். பாதி தூரத்தில் எங்கள் திட்டத்துக்கு இரண்டே நொடி வித்தியாசம். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். இப்படியே விட்டால் ஊர் எல்லை வரை போய்விட்டுத் திரும்பி வருவேன் போலிருந்தது.

முப்பது கிலோமீட்டர் பலகை வந்தது. நேரம் ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் முப்பது நொடி, அச்சுக் குத்தினது போல. இடது கையைத் தூக்கினேன். இடது பக்கம் இரண்டடி வைத்தேன். போர்வையை விரித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் என்னை அப்படியே சுருட்டி வாங்கிக்கொண்டார்.

"பிரமாதம் தம்பி! கரெக்டா கொண்டாந்து விட்டீங்க. உக்காருங்க, உக்காருங்க."

பின்னால் யாரோ யாரையோ "டேய்!" என்று கத்தினார்கள். எவனோ எதையோ செய்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். பெரியவர் வாழைப்பழத்தை உரித்தே கொடுத்தார். ஒரு கடி கடித்துவிட்டுக் குனிந்து இடது ஷூவின் நாடாவை அவிழ்த்தேன். வலது ஷூவில் கை வைத்தபோதுதான் அந்தக் குரல் யாருடையது என்று உறைத்தது. பன்னிரண்டு வருடத்தில் அண்ணி என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். டேய் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

துள்ளி எழுந்து பாதை ஓரம் வரை ஓடினேன். ஒரு காலைத் தூக்கிவிட்டேன், பெரியவர் போர்வையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, இறங்கின ஆள் மறுபடி ஏறக் கூடாது! நீங்க போய் முன்னாடி ஓடினா அந்தப் பொண்ணோட நேரமே செல்லாமப் போயிரும்!"

அது எனக்குத் தெரியாதா? அவர் பிறப்பதற்கு முன்னாலிருந்தே தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. அவருக்கு எழுபது வயதிருக்கும். தூக்கிய காலைக் கீழே வைத்தேன். தூரத்தில் சிவப்பு ரிப்பன் ஒரு புள்ளியாகித் திருப்பத்தில் மறைந்தது. அதற்கு முன்னால் அண்ணி, அவருக்கு முன்னால் யாருமே இல்லை.

பெரியவர் கையிலிருந்த பட்டியலில் என் எண்ணுக்கு நேரே முப்பது என்றுதான் இருந்தது, பழைய பட்டியல். அதன் மேல் பழியைப் போட எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் நான் பட்டியலைப் பார்த்தா இறங்கினேன்? இருபத்தாறு தடவை ஒரே மாடிக்கு அழுத்திய பொத்தான், இருபத்தேழாவது தடவை தானாகவே அமுங்கிவிட்டது. நாலு மாதப் பயிற்சியும் பலகை இல்லாத வெறும் சாலையில். பலகையும் போர்வையும் கண்ணில் பட்டதும் என் கால் என்னைக் கேட்கவே இல்லை.

வேனுக்காகக் காத்திருக்க முடியவில்லை. பாதை அங்கிருந்து பெரிய வட்டம் போட்டுச் சுற்றி வரும், நேராகத் தெருக்களுக்குள் புகுந்தால் முடிவுக் கோடு இரண்டரை கிலோமீட்டர்தான். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சில் பேஸர் என்று எழுதிய துணியோடு, கையில் பாதி வாழைப்பழத்தோடு ஓடினேன். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "அண்ணே, ரேஸ் அந்தப் பக்கம்!" என்று கை காட்டினார். காய்கறி இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அழுகிறவனைப் பார்த்துக் கைதட்டினால் எப்படி இருக்கும்? பன்னிரண்டு வருடம். ஒரு மனுஷி, பகல் முழுக்க ஊர் ரத்தத்தை எடுத்துவிட்டு, விடியுமுன் எழுந்து ஓடி ஓடி, கடைசியில் கொழுந்தனின் இடது காலால் போச்சு.

அண்ணன் வழக்கமான இடத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே."

கண்ணைத் திறக்காமலே முகம் மலர்ந்தான். "வந்துட்டியா? அவ எங்க?" பிறகு கணக்குப் போட்டிருக்கிறான். மலர்ந்த முகம் சுருங்கியது. "நீ எப்படிடா இங்க?"

"முப்பதுல இறங்கிட்டேன்."

"காலு பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல."

"மயக்கமா?"

"இல்லண்ணே. மறந்துட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டே என் தலையில் ஒன்று வைத்தான். குறி தப்பவில்லை, எத்தனை தலை பார்த்த கை. அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினான். "அஞ்சு கிலோமீட்டருக்கு ஒருதரம் இதுல அவ நேரம் வரும். நீயே பாத்துச் சொல்லு."

முப்பத்தைந்து கிலோமீட்டர் நேரம் ஏற்கெனவே வந்திருந்தது. இரண்டு மணி மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி. மறுபடி படித்தேன். திட்டத்துக்கு ஏழே நொடிதான் பின்னால். போன வருடம் இந்த இடத்துக்குள் இருபது நொடி விட்டிருந்தார்.

"என்னடா?"

"ஓடறாங்கண்ணே. சரியா ஓடறாங்க."

"யாரு முன்னாடி?"

"யாருமில்ல."

முப்பத்தெட்டைப் பற்றி நான் நினைக்காமலிருக்கப் பார்த்தேன். அங்கேதான் நான் இறங்கியிருக்க வேண்டும். போன் சும்மா கிடந்தது. அண்ணன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் எதையும் வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை, ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் என் வாழ்நாளுக்கான லிஃப்ட்களையெல்லாம் இலவசமாகச் சரிசெய்து தருவதாக யாருக்கோ வாக்குக் கொடுத்தேன். நாற்பது வந்தது. இரண்டு மணி இருபது நிமிடம் ஐம்பத்து நாலு நொடி.

"இன்னும் எட்டு நிமிஷம் ஆறு செகண்ட் இருக்கு, ரெண்டு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேல" என்றேன். "இதே மாதிரி வந்தா போதும்."

"வருவாளா?"

"தெரியலண்ணே."

முடிவுக் கோட்டுக்கு முந்நூறு மீட்டர் முன்னால் ஒரு திருப்பம். மேலே பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு இருபத்தேழு இருபது. இருபத்தேழு முப்பது. "ஆள் யாராவது தெரியுதா?" என்று அண்ணன் என் போர்வையைப் பிடித்து உலுக்கினான். "இல்ல... இல்ல... இரு" என்றேன்.

அண்ணி திரும்பினார்.

சொல்லிக்கொண்டே வருகிறேன் என்றுதான் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாயே வரவில்லை. பன்னிரண்டு வருடம் அவருக்கு முன்னால் ஓடியிருக்கிறேன், அவர் ஓடுகிற முகத்தை நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு முகம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு முட்டிக்கொண்டு இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் யாரையோ திட்டுகிற மாதிரி வந்தார். உதடு அசைவது அங்கிருந்தே தெரிந்தது. முணுமுணுத்துக்கொண்டும், கண்ணெல்லாம் சிரித்துக்கொண்டும், கன்னம் இரண்டும் சிவந்து, காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வந்தார். சிவப்பு ரிப்பனும் மூக்கால் ஊதுகிறவளும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். எவ்வளவு அழகாக ஓடுகிறார் எங்கள் அண்ணி! இத்தனை நாளாக நான் எதற்கு முன்னால் போய் நின்று மறைத்துக்கொண்டிருந்தேன்?

நான் பேச்சை நிறுத்தியதால் பயந்துபோய் அண்ணன் கண்ணைத் திறந்துவிட்டான். திறந்தவன் மூடவில்லை. "ஏய்! ஏய்! வந்துட்டாடா! அவதான்டா!" என்று வேலியின் மேலேயே ஏறிவிட்டான்.

இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம் நாற்பத்தொரு நொடி.

அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டான், நான் அவனைக் கட்டிக்கொண்டேன், எங்களுக்குத் தெரியாத ஒரு போலீஸ்காரரையும் கட்டிக்கொண்டோம். அண்ணி முழங்காலில் கை ஊன்றிக் கொஞ்சம் நின்றுவிட்டு, நிமிர்ந்து, நேரே வேலியைப் பார்த்து வந்தார். போர்வைக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டேன்.

"டேய்."

"அண்ணி, மன்னிச்சிருங்க. பலகையப் பாத்ததும் காலு..."

"ரெண்டு கிலோமீட்டர் உன்னையத் திட்டிக்கிட்டே ஓடினேன். உனக்கு, உன் லிஃப்டுக்கு, உங்க அண்ணனுக்கு, எல்லாருக்கும் சேத்து."

"நான் என்ன பண்ணினேன்?" என்றான் அண்ணன்.

"அப்புறம் திட்டறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. பாத்தா, முன்னாடி ரோடு மட்டும் கிடக்குது. ஒரு இடத்துல வேகம் கூடிருச்சு. யாரைச் சப்புக் கொட்டறது? எனக்கு நானே கொட்டிக்கிட்டேன்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணு கொட்டினா குறையுது, ரெண்டு கொட்டினா கூடுது. என் காலு என் பேச்சக் கேக்குதுடா!"

அதற்குள் சிவப்பு ரிப்பன்காரி தள்ளாடிக்கொண்டே வந்து அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் பாஷை எங்களுக்குப் புரியவில்லை. அண்ணியைக் காட்டி, தன் காலைக் காட்டி, 'ச்' என்று ஒன்றும் 'ச் ச்' என்று இரண்டும் அச்சாக அப்படியே கொட்டிக் காட்டிவிட்டு, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து நன்றி சொன்னாள். பத்துக் கிலோமீட்டர் அதைக் கேட்டுக்கொண்டே அவளும் ஓடியிருக்கிறாள். அண்ணி வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அவள் போனதும் வேலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் பெரிய போட்டியில பேஸர் கிடையாதுன்னு சொன்னில்ல தம்பி? நாலு மாசமா எனக்கு அதான் பயம். தகுதி வாங்கினாலும் அங்க போய் என்ன பண்ணப் போறோம்னு. சொல்லிக்கல. இன்னிக்கு அந்தப் பயம் போயிருச்சு."

"அப்ப நான் அங்க எங்க நிக்கிறது அண்ணி?"

"இங்கதான். இந்த மாதிரி, கோட்டுப் பக்கத்துல. எனக்கு உன் முதுகு போதும், பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு. மூஞ்சியக் காட்டிக்கிட்டு நில்லு."

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கீழே பார்த்தேன். இடது ஷூவின் நாடா அவிழ்ந்து கிடந்தது, இரண்டரை கிலோமீட்டர் அப்படியேதான் ஓடி வந்திருக்கிறேன். நல்ல சாக்கு என்று குனிந்து கட்ட ஆரம்பித்தேன். ஒரு முடிச்சு போட்டேன், அவிழ்த்தேன், மறுபடி போட்டேன். அழுகிற மூஞ்சியை அவர் பார்த்துவிட்டால் நாலு வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்.

"தம்பி" என்றார் அண்ணி மேலேயிருந்து. "முதுகு குலுங்குது."